புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் ஊசி, கதிர்வீச்சுக்கு முன்பும் பின்பும்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

மதுரை மகள்:
அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவான பி.எஸ்.ஏ. 38, புற்றணுக்களின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 9. எலும்பு ஸ்கேனில் பரவல் இல்லை. ஆனாலும் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோயில் இது அதிக அபாய வகை என்றார் டாக்டர். கதிர்வீச்சு என்று முடிவானதும் அம்மா பெட்டி கட்டிவிட்டார். ஆனால் முதலில் கொடுத்தது பைகாலூட்டமைடு மாத்திரை. சில நாள் கழித்து அடிவயிற்றுத் தோலுக்கடியில் கோசெரெலின் ஊசி. கதிர்வீச்சு இரண்டு மாதம் கழித்துத்தான் என்றார்கள்.

"நோயை உள்ளே வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருப்பது?" என்று சித்தப்பா கொதித்துப் போனார். இது காத்திருப்பே இல்லை, சிகிச்சை தொடங்கியாயிற்று என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்தப் புற்றுக்குத் தீனி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். அதைக் குறைத்தால் சுரப்பி சுருங்கும், புற்றணுக்களும் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாகும். கோசெரெலின் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த ஏற்றம் தீங்கு செய்யாமல் தடுக்கத்தான் மாத்திரை.

எங்களுக்கு உண்மையான சோதனை கதிர்வீச்சு முடிந்த பிறகு வந்தது. பி.எஸ்.ஏ. 0.1-க்கு இறங்கிவிட்டது. அப்பாவோ ஊசியின் பக்கவிளைவால் நள்ளிரவில் உடம்பெல்லாம் அனல் பரவி, பனியன் நனைந்து, மின்விசிறிக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொள்வார். "குணமாகிவிட்டதே, இனி ஊசி எதற்கு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டாக்டர் 1997-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வைச் சொன்னார். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 5 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 62 சதவீதம். கூடவே 3 ஆண்டு ஊசியும் போட்டவர்களில் 79 சதவீதம். ஆறு மாதத்தோடு நிறுத்தினால் போதாதா என்று பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. அதிலும் 3 ஆண்டே மேல் என்று தெரிந்தது. அப்பா அந்த எண்களைத் தன் டைரியில் எழுதி வைத்துக்கொண்டார். ஊசி தொடர்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, உங்கள் அப்பாவின் அனல் எனக்கும் உண்டு. எனக்கு 18 மாதம் என்று முடிவு செய்தார்கள். ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட், கூடவே சர்க்கரை. 18 மாதத்தையும் 36 மாதத்தையும் ஒப்பிட்ட கனடா ஆய்வில் உயிர்வாழ்வில் பெரிய வேறுபாடு தென்படவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆகவே எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை.

ஊசி தொடங்குமுன்பே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இந்த ஊசியால் எலும்பு தேய்வதும் தசை கரைவதும் வெளியே தெரியாது. எனக்குக் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் தந்தார்கள். காலையில் நடையோடு சிறிது எடை தூக்கவும் சொன்னார்கள். அதற்குப் பிறகே மாடிப்படி ஏற முடிகிறது. சர்க்கரை கூடியதால் மருந்தளவை மாற்ற வேண்டியிருந்தது. சிடுசிடுப்பு, சோர்வு, காரணமில்லாத அழுகை இவையும் வரும். வீட்டில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

தஞ்சை மருமகன்:
என் மாமனாருக்கு முதலில் அறுவை சிகிச்சை. அதற்கு முன் ஊசி போட்டுச் சுருக்கிவிட்டால் என்ன என்று நான்தான் கேட்டேன். கட்டி சுருங்கினாலும் ஆயுள் கூடியதாகப் பழைய ஆய்வுகள் காட்டவில்லை, அதனால் வழக்கமாகத் தருவதில்லை என்றார் அறுவை மருத்துவர். பின்னர் பி.எஸ்.ஏ. மெல்ல ஏறியது. அப்போது கதிர்வீச்சும் ஆறு மாத ஊசியும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

செலவைப் பார்த்து, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் விரைகளை அறுவை செய்து நீக்கிவிட்டால் ஊசியே வேண்டாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். நோய் பரவியவர்களுக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஹார்மோனைக் குறைக்க வேண்டியவருக்கு அதைச் செய்தால் திரும்ப வழியில்லை. ஊசியை நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் பல மாதம் கழித்தாவது பெரும்பாலோருக்கு மீண்டு வருகிறது. வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். சம்மதக் கையெழுத்துப் போடுமுன் எத்தனை மாதம், எதற்காக என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.