புதுசா வாங்கின அனிமோன் வெள்ளையா இருக்கு: இது கார்ப்பெட்தானா?

உப்புத்தொட்டி_அண்ணாநகர்
கடல் அனிமோன் (பூ மாதிரி விரியிற கடல் உயிரி), நேத்து சாயங்காலம் கொளத்தூர்ல கடையில வாங்கினது. "கார்ப்பெட்" வகைன்னு சொல்லிக் கொடுத்தாங்க, ஆனா படத்துல பார்க்கிற கார்ப்பெட் மாதிரி இல்லை. விரிஞ்சா 5 அங்குலம். டென்டகிள் (வாயைச் சுத்தி இருக்கிற கை மாதிரி இழை) 2 அங்குல நீளம், நுனி கூர்மை, நுனியில மட்டும் லேசா ஊதா. மத்தபடி பால் வெள்ளை. வாய் மூடித்தான் இருக்கு.

தொட்டி 3 அடி x 1½ x 1½, கல், மணல் போக சுமார் 150 லிட்டர் தண்ணி. ஆரம்பிச்சு 4 மாசம் ஆச்சு. வெப்பம் 30 டிகிரி. உப்புத் தண்ணி அடர்த்தி 1.022 (முள் வெச்ச ஹைட்ரோமீட்டர், அதாவது உப்பு அளக்கிற கருவியில). அம்மோனியா, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. மணல் 1½ அங்குலம். ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் க்ளவுன் மீன் இருக்கு, ரெண்டும் அது பக்கமே போகலை. இது என்ன வகை? எப்போ தீனி போடலாம்?

மணல்திட்டு
கார்ப்பெட் இல்லை. கார்ப்பெட்டுக்கு டென்டகிள் ரொம்பக் குட்டை, கம்பளி மாதிரி நெருக்கமா இருக்கும். 2 அங்குலம் வராது. பபிள் டிப் வகைன்னா நுனிக்குக் கீழே உப்பலா ஒரு குமிழ் இருக்கும், தண்டு வழவழன்னு இருக்கும். மேக்னிஃபிக்கா வகைக்கு டென்டகிள் விரல் மாதிரி, அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே பருமன், நுனி மழுங்கல். தண்டு ஊதாவோ சிவப்போ, பளிச்னு ஒரே நிறம்.

டார்ச் அடிச்சு தண்டைப் பாருங்க ப்ரோ. தோல் மாதிரி தடிப்பா, சாம்பல் நிறத்துல, மேல் பக்கம் வரிசையா பரு பருவா இருந்து அதுல மணல் ஒட்டியிருக்கா? பாதத்துல (அடியில ஒட்டுற பகுதி) கிழிசல் இருக்கான்னும் பாருங்க. அதுக்காகத் தூக்காதீங்க.

உப்புத்தொட்டி_அண்ணாநகர்
பரு இருக்கு, மணலும் ஒட்டியிருக்கு. தெரிஞ்ச வரைக்கும் பாதத்துல கிழிசல் இல்லை.

மணல்திட்டு
அப்போ கிரிஸ்பா. பழைய புத்தகங்கள்ல ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா, இப்போ ரேடியாந்தஸ் கிரிஸ்பா. கடையில இதை "செபே அனிமோன்"னும் சொல்வாங்க. கூத்து என்னன்னா, செபே க்ளவுன் கடல்ல இதுல குடியிருக்கிறதே இல்லை, அது ஹடோனி கார்ப்பெட்ல இருக்கிற மீன். உங்க ஆசெல்லாரிஸுக்கும் இது பிறந்த வீடு இல்லை. கடல்ல அது தேடுறது மேக்னிஃபிக்கா, ஜைஜான்டியா, மெர்டென்சின்னு மூணு வகை அனிமோனையும்தான். தொட்டியில சில சமயம் கிரிஸ்பாவுக்குப் பழகும், சில சமயம் கடைசிவரை பழகாது. மீன் சேரலையேன்னு கவலை வேண்டாம். இப்போதைக்குச் சேராம இருக்கிறதே நல்லது, பலவீனமான அனிமோனை க்ளவுன் இடிச்சு இடிச்சு விரிய விடாது. சேர ஆரம்பிச்சா, காய்கறி வைக்கிற ஓட்டை பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மூடி வைங்க.

வெள்ளை அதோட நிறம் இல்லை. ஆரோக்கியமான கிரிஸ்பா பழுப்பு, டீ கலர், சில சமயம் பச்சை. திசுக்குள்ள இருக்கிற நுண்பாசிதான் வெளிச்சத்துல சமைச்சுப் போடுது. அது வெளியேறிட்டதால பால் வெள்ளை. எலுமிச்சை மஞ்சள், ரோஸ்னு கண்ணைப் பறிக்கிற மாதிரி விற்கிறது பெரும்பாலும் இப்படி வெளுத்ததுக்குச் சாயம் ஏத்தினது. ஒட்டுதா, வாய் மூடியிருக்கான்னு பார்த்து வாங்கணும், நிறத்தைப் பார்த்து இல்லை.

ஆர்ஓ_தண்ணி
வகை தெரிஞ்சாச்சு, இனி தண்ணிக்கு வருவோம். 30 டிகிரிதான் முதல் பிரச்சினை. பாசி வெளியேற முக்கியக் காரணமே சூடு. மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் பவளம் வெளுத்ததும் சூட்டாலதான். 26-27க்குக் கொண்டு வாங்க, ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல இறக்காதீங்க. மூடியை எடுத்துட்டு ரெண்டு சின்ன ஃபேனைத் தண்ணி மேல படுற மாதிரி வெச்சா 2-3 டிகிரி குறையும். ஆனா நம்ம ஊர்ல காத்துல ஈரம் ஏறின நாள்ல அந்தளவு வேலை செய்யாது. சித்திரை, வைகாசிக்குச் சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்) இல்லாம ஓட்ட முடியாது.

அடுத்து உப்பு. 1.025 வேணும். முள் ஹைட்ரோமீட்டர்ல முள்மேல ஒரு காத்துக் குமிழ் உட்கார்ந்தாலே அளவு கூடக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (வெளிச்சம் வளையறதை வெச்சு உப்பு அளக்கிற கருவி) வாங்கி, 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) கரைசல்ல சரி பாருங்க, வெறும் ஆர்ஓ தண்ணியில இல்லை. 1.022 நிஜமா இருந்தா 4 பிபிடி ஏத்தணும். 150 லிட்டருக்கு 600 கிராம் உப்பு. அதை நேரா தொட்டியில கொட்டிடாதீங்க. ஃபேன் வெச்சா தினம் 3 லிட்டர் ஆவியாகும்னு வெச்சுக்கோங்க. அந்த இடத்துல நல்ல தண்ணிக்குப் பதிலா 35 பிபிடி உப்புத் தண்ணி ஊத்துங்க. தினம் சுமார் 105 கிராம் உள்ளே போகும், ஆறு நாள்ல தானா வந்து நிற்கும். அப்புறம் நல்ல தண்ணிக்கு மாறிடணும், மறந்தா ஏறிக்கிட்டே போகும்.

உப்புக் கலக்கிற தண்ணி வீட்டு ஆர்ஓவா? அதுல டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்புகளோட அளவு) 50-80 வரும், ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணியைக் கலந்து விடுற மாடலும் உண்டு. பின்னாடி டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் உறிஞ்சுற மணி) குழாய் ஒண்ணு சேர்த்து 0 ஆக்குங்க. மெரினா தண்ணி எடுக்கலாமான்னு யாராவது கேட்பாங்க: வேண்டாம். அந்தப் பக்கம் கூவமும் அடையாறும் கலக்குது, ஐப்பசி கார்த்திகை மழையில கரையோர உப்பும் இறங்கிடும்.

காசிமேடு_இறால்
தீனி இன்னைக்கே ஆரம்பிக்கலாம். பாசி இல்லாதது பட்டினியாத்தான் இருக்கும்.

மணல்திட்டு
இன்னைக்கு வேண்டாங்க. மூணு நாலு நாள் போகட்டும். இடம் மாறினது, உப்பு மாறுறது, சூடு மாறுறது எல்லாம் சேர்ந்து இருக்கும்போது போட்டா விழுங்கிட்டு ராத்திரி கக்கிடும், அது அழுகி அம்மோனியா ஏறும். பாதம் ஒட்டி, ஒரு பகல் முழுக்க விரிஞ்சு நின்னா அப்போ ஆரம்பிக்கலாம்.

காசிமேடு_இறால்
சரி, அது நியாயம். ஆனா வாரம் ஒரு பெரிய துண்டுன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. உப்பு, மஞ்சள் தடவாத பச்சை இறாலை உரிச்சு, நரம்பு எடுத்து, ஃப்ரீசர்ல வெச்சு, பச்சைப்பயறு அளவுக்கு நறுக்குங்க. பம்பை 10 நிமிஷம் நிறுத்தி, நீள இடுக்கியால டென்டகிள்மேல வைங்க, வாய்க்குள்ள திணிக்கக் கூடாது. 3 நாளுக்கு ஒரு தடவை 2 துண்டு. ஒட்டிப் பிடிச்சு, மடிச்சு, வாய்ப் பக்கம் கொண்டு போகணும். துண்டு வழுக்கி விழுந்தா அன்னைக்கு விட்டுடுங்க.

அடுத்த நாள் பழுப்பா, நூல் நூலா வெளியே வந்தா அது கழிவு. வெள்ளைத் துண்டா அப்படியே வந்தா செரிக்கலை, அடுத்த தடவை பாதி அளவு.

மணல்திட்டு
மணல் 1½ அங்குலம் பத்தாது. கிரிஸ்பா பாதத்தை மணலுக்குள்ள புதைச்சு, மேல மட்டும் விரியும். தொட்டி முழுக்க மணல் ஏத்த வேண்டாம். 12 செ.மீ. ஆழமுள்ள பிளாஸ்டிக் டப்பாவுல அராகனைட் (கடல் தொட்டிக்குன்னு விற்கிற சுண்ணாம்பு) மணல் நிரப்பி, கல்லோரமா வைங்க. கடற்கரை மணல் வேண்டாம். புதைய இடம் கிடைக்கலைன்னா நடந்துகிட்டே இருக்கும், கடைசியில வேவ்மேக்கர்ல (தண்ணியைச் சுழட்டுற பம்பு) மாட்டும். வேவ்மேக்கரோட தண்ணி இழுக்கிற வாய்க்கு இன்னைக்கு ராத்திரியே ஸ்பாஞ்ச் உறை போடுங்க. 3 நாளுக்கு ஒரு தடவை கழுவலைன்னா அடைச்சுக்கும்.

லைட்டை 40 சதவீதத்துக்கு இறக்குங்க. பாசி இல்லாத உடம்புக்கு முழு வெளிச்சம் வேதனைதான். வாரம் 5 சதவீதமா ஏத்துங்க. நிறம் திரும்ப மாசக்கணக்காகும், முதல்ல டென்டகிள் அடியில லேசா பழுப்பு தெரியும்.

தினம் ஒரு தடவை சுருங்கி விரிஞ்சா பயப்பட வேண்டாம், தண்ணி மாத்திக்குது. ரெண்டு நாள் சுருங்கியே கிடந்து, வாய் பிளந்து, தொட்டா ஒட்டாம, பக்கத்துல தண்ணி எடுத்து முகர்ந்தா அழுகல் வாடை அடிச்சா உடனே தூக்கி வெளியே வைங்க. செத்தது ஒரே ராத்திரியில தொட்டியையே கவிழ்த்திடும்.

இன்னொண்ணு: அலங்காரத்துக்கு "நிஜப் பவளக் கல்"னு யாராவது விற்றா வாங்காதீங்க. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, செத்த கல்லுக்கும் அதேதான்.

உப்புத்தொட்டி_அண்ணாநகர்
ரிஃப்ராக்டோமீட்டர் வந்துது. நிஜ அளவு 1.020! வெப்பம் இப்போ 28. டப்பாவுல மணல் போட்டு வெச்சிருக்கேன், பாதி புதைஞ்சிருக்கு. உப்புக் கணக்கு மாறுமா?

ஆர்ஓ_தண்ணி
மாறும். இப்போ ஏத்த வேண்டியது 6.5 பிபிடிக்கு மேல, 150 லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. தினம் அதே 3 லிட்டர், பத்து நாள். சீக்கிரம் முடிக்கணும்னு கூட ஊத்தாதீங்க, மீன் தாங்கினாலும் அனிமோன் தாங்காது.