பகிர்கவனமா, சேர்கவனமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பால்வாடி டீச்சர்களுக்கான பயிற்சிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'joint attention' என்பதற்கான தமிழ்ச் சொல், இந்த ஒரு சொல்லுக்காகத்தான் எட்டாம் பக்கம் காத்திருக்கிறது.

எதற்குச் சொல் தேடுகிறோம் என்று மறுபடி சொல்லிவிடுகிறேன். பாம்பனில் ஒரு பால்வாடி. ரயில் சத்தம் கேட்டதும் இரண்டு வயதுக் குழந்தை விரலை நீட்டுகிறது. ரயிலைப் பார்க்கிறது, திரும்பி ஆயா முகத்தைப் பார்க்கிறது, மறுபடி ரயிலை. "அந்தா, ரயிலு போகுது!" என்கிறார் ஆயா. அந்தக் குழந்தை எதையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை. தான் பார்ப்பதை ஆயாவும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது மாதத்தை ஒட்டித் தொடங்கும் இந்தப் பழக்கத்தில்தான் 'ரயில்' என்ற சொல் ரயிலோடு ஒட்டிக்கொள்கிறது.

ஐயா 1100ஆம் குறளிலிருந்து 'நோக்கொத்தல்' எடுத்துத் தந்தார். அழகான சொல். ஆனால் அங்கே கண்ணும் கண்ணும் மட்டுமே. கம்பனின் "அண்ணலும் நோக்கினான்" வரியிலும் அப்படித்தான். நமக்கு மூன்றாவதாக அந்த ரயில் வேண்டும். தொல்காப்பியச் செய்யுளியலில் 'நோக்கு' ஓர் உறுப்பு என்று அண்ணன் எழுதிய நீண்ட மடலை இரண்டு முறை படித்தேன். அப்புறமும் அவர் சொல்லும் 'உடனோக்கு' (உடன் + நோக்கு) எனக்குச் சரிப்படவில்லை. புணர்ச்சி விதி சரிதான், ஆனால் வாசிப்பவர் 'உடனோ' என்று நின்றுவிடுவார். பார்வை இல்லாத குழந்தை சிப்பியைத் தடவிப் பார்த்துவிட்டு ஆயாவின் விரலையும் இழுத்து அதன்மேல் வைக்குமே, அதை நோக்கு என்பதா?

ஆகவே 'நோக்கு' வேண்டாம், 'கவனம்'தான். அது தமிழே இல்லை என்கிறார் அண்ணன். 'கவ்வு'தான் வேர் என்கிறார் தொண்டி அக்கா. வேர் எதுவானாலும், டீச்சர் வாயில் தினமும் வருவது 'கவனி'தான்.

'பகிர்கவனம்' பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு உறுத்துகிறது. பகிர்ந்தால் பங்கு குறையும். கவனம் பிரிந்து சிதறுவதாகப் பொருள் வந்துவிடும். 'கூட்டுக்கவனம்' என்றால் கூட்டுறவுச் சங்க நினைப்பு வருகிறது. 'சேர்கவனம்' வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. இருவர் கவனமும் ஒரு பொருளில் போய்ச் சேர்கிறது. ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன், "சேந்து கவனிக்கிறதா?" என்று கேட்டார்.

இதுவரை ஆறு பேர் சேர்கவனம், நான்கு பேர் பகிர்கவனம். 'உடனோக்கு' அடைப்புக்குறிக்குள்ளாவது வர வேண்டும் என்று அண்ணன் நிற்கிறார். இரண்டு சொல் கொடுத்தால் டீச்சர்கள் இரண்டையும் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.