பொருள்: 'கிளே பார்' களிமண் அல்ல, குழைசாணை

அனைவருக்கும் வணக்கம்.

கார்ப் பூச்சில் ஒட்டி இறுகிய அழுக்கை எடுக்கும் 'கிளே பார்' என்ற கட்டிக்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகளில் களிமண் கட்டி, துப்புரவுக் களி, மெருகுக் களி என மூன்று முன்னால் நிற்கின்றன. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து வருகிறேன்.

காரை நன்றாகக் கழுவிய பிறகு, மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு, பானட்டின் மேல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத்தூள், பக்கத்தில் பெயின்ட் அடித்தபோது வந்து விழுந்த தெறிப்பு, மரப்பிசின், தார்ப்புள்ளி எல்லாம் பூச்சில் ஒட்டி இறுகியிருக்கும். ஷாம்புக்கு இவை அசையாது. சோப்புநீர் தெளித்து வழுக்கலாக்கி, இந்தக் கட்டியைத் தட்டை போலத் தட்டி, அழுத்தாமல் ஓட்டினால், மேலே துருத்திக்கொண்டிருப்பதை அது அராவிப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. அழுக்கேறிய முகத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, புது முகத்தை வெளியே கொண்டுவந்து, மறுபடி ஓட்டுகிறோம்.

இதில் மண் எங்கே இருக்கிறது? இது பிசின் போன்ற செயற்கைப் பொருளில் நுண்ணிய உராய்வுத் துகள்களைக் கலந்து செய்தது. பெயர்தானே என்று விடலாம்; ஆனால் நான் மொழிபெயர்ப்பது வீட்டில் தானே கார் கழுவுபவருக்கான கையேடு. 'களிமண்ணால் தேய்க்கவும்' என்று அச்சிட்டால், யாராவது ஒருவர் உண்மையான களிமண்ணை எடுப்பார். அதிலுள்ள மணல் பூச்சில் கோடு கோடாக இழுத்துவிடும். மேலே இருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு பெரும்பாலான கார்களில் 50 மைக்ரானுக்கு உள்ளேதான், ஒரு தலைமுடியின் பருமன்கூட இராது.

'மெருகு' வேறு வகையில் தவறு. கழுவுதல், பிறகு இது, பிறகு பாலிஷ், கடைசியில் மெழுகு என்பது வரிசை. மெருகேற்றுவது பாலிஷின் வேலை. அந்தச் சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அடுத்த படிக்குச் சொல் இருக்காது. இதைத் தேய்த்ததுமே மெருகு வந்துவிடும் என்றும் வாசகர் எண்ணிக்கொள்வார்.

எனக்கு வழிகாட்டியது ஒரு காப்புரிமை. ஜப்பானைச் சேர்ந்த தடாவோ கொடாட்டே 1995இல் அமெரிக்காவில் இந்தப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றபோது, அதன் தலைப்பில் களிமண் என்ற சொல்லே வரவில்லை. 'குழைவும் நெகிழ்வும் உள்ள சாணைக்கல்' என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள். செய்தவரே சாணை என்கிறார்! கத்திக்குச் சாணை பிடிப்பதைத் தெருவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கல்லுக்கு இறுக்கம் உண்டு, இதற்கு இல்லை. அந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் போதும். எனவே குழைசாணை.

ஊறுகாய், குடிநீர் போல இதுவும் வினைத்தொகை: குழைந்த, குழைகின்ற, குழையும் சாணை. ஆகவே நடுவில் 'ச்' மிகாது. 'குழைச்சாணை' என்று எழுதினால் காதணியாகிய குழையோ தழையாகிய குழையோ முன்னால் வந்து நின்றுவிடும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், அச்சில் முதலில் நுழையும் பிழை இதுவாகத்தான் இருக்கும்.

இனி வகைகள். 'ஃபைன், மீடியம், ஹெவி' என்பவற்றை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தரம்' என்றதும் நம் மனம் உயர்வு தாழ்வுக்குப் போகிறது. இங்கே உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. எவ்வளவு அராவும் என்பதுதான் கேள்வி. 'மென்மை, கடினம்' என்பதும் ஆகாது. மே மாத வெயிலில் ஹெவி வகையும் கையில் வெண்ணெய் போல இளகும். ஊட்டிக் குளிரில் ஃபைன் வகையை வெதுவெதுப்பான நீரில் போடாமல் பிசையவே முடியாது. கைக்கு மெத்தென்று இருப்பது பூச்சுக்கும் மெத்தென்று இருக்கும் என்பதில்லை.

இந்த வகைகளுக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. பட்டறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

*

அக்கா, வணக்கம்.

நான் பெயின்டிங் பட்டறை வைத்திருப்பவன். இலக்கணம் எனக்குத் தெரியாது, வேலை தெரியும். நீங்கள் 'தரம்' பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு கறுப்பு வண்டிக்காரர், 'இருக்கறதுலயே உசந்த கிரேடு போடுங்க' என்று கேட்டார். அப்போது நானும் புதிது, ஹெவியைப் போட்டுவிட்டேன். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்கப் புகை படிந்த மாதிரி மங்கல். பாலிஷ் போட்டு எடுக்க ஒரு நாள் ஆனது. அந்த வண்டிக்கு ஃபைன் போதும்.

ஒரு மறுப்பு. 'மண் இல்லாததை மண் என்று சொல்லலாமா' என்கிறீர்கள். உப்புத்தாளில் உப்பு இருக்கிறதா? அந்தப் பெயரால் யாரும் உப்பை எடுத்து மரத்தில் தேய்த்ததில்லை. பட்டறையில் எல்லோரும் 'கிளே' என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்று. இப்போது கையுறையாகவும் துண்டாகவும் வருகிறது. துணியின் ஒரு பக்கம் ரப்பர் மாதிரி பூச்சு. அதைப் பிசைய முடியாது. கீழே விழுந்தால் அலசி எடுத்துக்கொள்ளலாம். கட்டி தரையில் விழுந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும், மணல் ஒட்டிவிடும். பிசையாததைக் குழைசாணை என்பீர்களா?

வகைக்கு எங்கள் பேச்சிலிருந்து ஒரு சொல் தருகிறேன். ஓட்டும்போது அழுக்கு இருக்கிற இடத்தில் கை தடைப்படும். 'பிடிக்குது' என்போம். நாலைந்து ஓட்டில் பிடிப்பு விட்டுச் சத்தமில்லாமல் வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. அந்தப் பிடியை வைத்துச் சொல் செய்ய முடியுமா?

நிறத்தை மட்டும் கையேட்டில் எழுதிவிடாதீர்கள். நீலம் என்றால் ஃபைன் என்று பலர் நம்புகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. டப்பாவில் போட்டிருப்பதைப் படிப்பதுதான் வழி.

*

தம்பி, நீங்கள் கொடுத்த சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். 'சாணை பிடித்தல்' என்பதிலேயே பிடி இருக்கிறது! மென்பிடி, இடைப்பிடி, வன்பிடி. வகையைப் பொதுவாகச் சொல்லப் 'பிடிநிலை'.

உப்புத்தாள் வாதம் வலுவானது, ஏற்கிறேன். ஆனால் உப்புத்தாளைக் கடையில் கையில் வாங்கிப் பார்த்துப் பழகிய பிறகு அந்தப் பெயரைக் கேட்கிறோம். இந்தப் பொருளைப் பார்த்திராதவருக்குப் பெயர்தான் முதலில் போய்ச் சேருகிறது. முதல் பக்கத்தில் ஒரு முறை 'பட்டறைகளில் கிளே எனப்படும் குழைசாணை' என்று எழுதிவிடுகிறேன். கடையில் கேட்டு வாங்க அது வேண்டும். துணி வடிவத்துக்குக் குழைவு வேண்டாம், 'சாணைத்துணி', 'சாணைக் கையுறை' என்றாலே போதும். இவை பெயரும் பெயரும் சேர்ந்தவை, ஒற்று மிகும்.

கையேட்டில் இப்படி வருகிறது, பிழை இருந்தால் திருத்துங்கள்:

"எந்த வண்டியானாலும் மென்பிடியில் தொடங்குக. கண்ணில் உடனே படாத ஓர் ஓரத்தில், ஓர் அடிச் சதுரத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்க. பத்துப் பன்னிரண்டு ஓட்டுக்குப் பின்னும் பாலித்தீன் பை சோதனையில் சொரசொரப்பு இருந்தால் இடைப்பிடிக்கு மாறுக. வன்பிடி, பெயின்ட் தெறிப்பு கெட்டியாகப் படிந்த, பல ஆண்டு கவனிக்கப்படாத வண்டிக்கு; அதற்குப் பின் பாலிஷ் போடும் எண்ணம் இருந்தால் மட்டும். கறுப்பு, கருநீல வண்டிகளில் மங்கல் உடனே தெரியும் என்பதால் வன்பிடியைத் தவிர்க்க."

'மங்கல்' உங்கள் கடிதத்திலிருந்து எடுத்தது. தெளிக்கும் நீருக்கு 'வழுக்குநீர்' என்று வைத்திருக்கிறேன். பட்டறையில் அதற்குத் தமிழில் ஏதாவது சொல் வழங்குகிறதா?