தகரக் கூரை வீட்டில் பனிக்காலக் குளிர்: கையில் உள்ள பணத்தை முதலில் எதற்குச் செலவிடுவது?

நானுஓயா மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் நானுஓயாவுக்கு அருகே, தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் காணியில் வீடு கட்டி இருக்கிறோம். சுவர் சீமெந்துக் கல், கூரை தகரம். முன்னறைக்கு மட்டுமே சீலிங் அடித்திருக்கிறோம். மார்கழி பிறந்துவிட்டால் படுக்கையறைக்குள் விடுகிற மூச்சுகூடப் புகையாகத் தெரிகிற அளவுக்குக் குளிர்கிறது. விடியுமுன் தகரத்தில் நீர் கோத்துப் படுக்கையின் மேலேயே சொட்டுகிறது. அம்மாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருப்பதால் 2000 வோட்ஸ் ஹீட்டர் ஒன்றை வாங்கி இரவில் சில மணி நேரம் போடுகிறோம். அணைத்த சற்று நேரத்தில் அறை பழையபடி குளிர்ந்துவிடுகிறது. மின்கட்டணமோ தாங்க முடியவில்லை. இதைவிடப் பெரிய ஹீட்டர் வாங்குவதா, சீலிங் அடிப்பதா, சூரிய வெப்பத்தில் இயங்கும் சுடுநீர்த் தொட்டி வைப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் மின்னிணைப்பாளர்:

தங்கச்சி, கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் ஹீட்டர் 1 மணி நேரத்துக்கு 2 அலகு (யூனிட்) மின்சாரம் எடுக்கும். இரவுக்கு 4 மணி நேரம் போட்டால் 8 அலகு, 30 நாளில் 240 அலகு. வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதும், மாதத்தில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டண வரிசைக்கு மாறிவிடுவோம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே ஹீட்டரின் அலகுகள் பெரும்பாலும் விலை கூடிய படிகளிலேயே போய் விழுகின்றன. கூரை இப்படி இருக்கையில் பெரிய ஹீட்டர் வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய வாளியால் ஊற்றுவது போலாகும்.

அம்மாவின் படுக்கையை மட்டும் சூடாக்க வழி பாருங்கள். 100 வோட்ஸ் மின்கம்பளி 8 மணி நேரம் ஓடினாலும் 0.8 அலகுதான்; சுடுநீர்ப் பைக்கு அதுவும் வேண்டாம். குளியலையும் கவனியுங்கள்: 4 கிலோவோட் ஷவர் ஹீட்டர் 15 நிமிடத்தில் 1 அலகைத் தின்றுவிடும். 20 லீற்றர் வாளித் தண்ணீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 0.6 அலகு போதும்.

தலவாக்கலைத் தச்சர்:

தம்பி சொன்ன கணக்கு சரி. குளிர் வருகிற வழியைப் பற்றி நான் சொல்கிறேன். முகில் இல்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தளிரைக் கருக்கும் உறைபனி விழுவதும் அத்தகைய இரவுகளில்தான். உங்கள் மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரம் அந்தத் தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. எனவே படுக்கையறைக்குச் சீலிங் அடிப்பதே முதல் வேலை. அதற்கு மேலே, தகரத்துக்குக் கீழே, வெள்ளித்தாள் ஒட்டிய நுரைச் சீட்டைக் கூரையைத் தாங்கும் கைமரத்தின் மேல் விரித்து, குறுக்குச் சட்டமான ரீப்பையால் பிடியுங்கள். மினுங்கும் பக்கத்துக்கும் அடுத்த பரப்புக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் அந்த வெள்ளித்தாளால் பயனில்லை. மேல் சீட்டு கீழ்ச் சீட்டின் மேல் ஏறி நிற்கும்படி விரித்தால், சொட்டும் நீர் கூரையின் ஓரமான இறவாணத்துக்கு வழிந்துவிடும். ரெஜிபோம் (தெர்மோகோல்) மலிவு என்று அடுப்படிக்கு மேலே வைத்துவிடாதீர்கள், அது எளிதில் தீப்பற்றும்.

அதற்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு சோதனை செய்யுங்கள். காற்றடிக்கும் இரவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுவரின் உச்சியோரமாக மெல்லக் கொண்டு போங்கள். தகரத்தின் நெளிவும் சுவரும் சேருமிடத்தில் பிறை வடிவான இடுக்குகள் வரிசையாக இருக்கும். அங்கே புகை உள்ளே வளைந்து வரும். அவற்றைச் சாந்தால் அடைத்து, கதவின் அடிக்கு ரப்பர் பட்டி போட்டாலே அந்த இரவே வித்தியாசம் தெரியும். கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டாக உள்ள வீட்டினர் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது; அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தாதி:

மகள், இடுக்குகளை அடைத்த அறைக்குள் கரி நெருப்புச் சட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குகிறவர் விழிக்காமலே இறந்துபோகலாம். இழுப்புள்ளவருக்கு விறகுப் புகையும் ஆகாது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறைக் கூரைக்குக் கீழ் அடுக்கி நன்றாகக் காயவைத்த பின்பே எரியுங்கள். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதன் நீரை ஆவியாக்கவே போய்விடும். அனகி என்ற சிக்கனக் களிமண் அடுப்பு வைத்தால் விறகும் குறையும், ஆனாலும் புகைபோக்கி அவசியம்.

துணிகளைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தென்புற யன்னலின் திரையை முற்பகல் முழுவதும் விலக்கி வைத்து, நண்பகலில் சற்று நேரம் காற்றோட்டம் விட்டு, வெயில் இறங்குமுன் மூடிவிடுங்கள். அம்மாவின் கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுவதும் நல்லது.

நானுஓயா மகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. நாளை இரவே ஊதுபத்திச் சோதனையைச் செய்கிறேன். அப்படியானால் சுடுநீர்த் தொட்டி வேண்டாமா?

தலவாக்கலைத் தச்சர்:

வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு வாங்கலாம். மழையும் மூடுபனியும் தொடரும் வாரங்களில் அது போதிய சூடு தராது என்பதால் அடுப்பையோ மின்சாரத்தையோ முழுமையாக விட்டுவிட முடியாது. மேலும் 150 லீற்றர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. உங்கள் கைமரம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதை, சீலிங் அடிக்க வருகிற தச்சரிடமே கூரையைத் திறந்து பார்க்கும்போது கேட்டுவிடுங்கள்.