பத்திரமா, மருத்துவமா: எந்தத் துறையில் ஊன்றுவது?

கேள்வி:
தமிழ், ஆங்கிலம் இரு பக்கமும் மொழிபெயர்க்கிறேன். இனி ஒரு துறையில் ஊன்றலாம் என்றிருக்கிறேன். நிலப் பத்திரமும் கிளினிக்கல் ட்ரையல் (நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு) ஒப்புதல் படிவமும்தான் அதிகம் வருகின்றன. எதில் எங்கே இடறும்?

பதில் 1:
பத்திரத்தில் ஆளைக் கவிழ்ப்பது சொத்து விவரம்தான். நான்கெல்லையில் ‘முத்தையா நிலத்துக்கு வடக்கு’ என்றிருந்தால், விற்கிற சொத்து முத்தையா நிலத்துக்கு வடக்கே இருக்கிறது. அப்படியென்றால் முத்தையா நிலம் தெற்கு எல்லை. பலர் அதை வடக்கு எல்லையாக்கிவிடுகிறார்கள், சொத்தே தலைகீழாகிவிடும். தாளில் ஒரு கட்டம் போட்டு, சொத்தை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் பெயர் எழுதிப் பார்த்த பிறகே மொழிபெயர்க்கத் தொடங்குங்கள். புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்) கிடைத்தால் ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது பரப்பு. பட்டாவில் 0 - 40.50 என்பது 0 ஹெக்டேர் 40.50 ஏர், ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதை 40.5 சென்ட் என்று எழுதினால் பாதிக்கு மேல் நிலம் காணாமல் போகும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. குழி, மா என்ற பழைய நில அளவுகள் இரண்டையும் மாற்றவே மாற்றாதீர்கள். குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. பசலியையும் (வருவாய்த் துறைக் கணக்கின் ஆண்டு) அப்படியே வைத்து, பக்கத்தில் ஆங்கில ஆண்டைக் கொடுங்கள்: பசலி 1430 என்றால் 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை.

பதில் 2:
நீங்கள் தமிழாக்கிய ஒப்புதல் படிவத்தை இன்னொருவர், மூலத்தைப் பார்க்காமல், திரும்ப ஆங்கிலமாக்குவார். ‘ஏற்படலாம்’ என்ற இடத்தில் ‘ஏற்படும்’ என்று எழுதியிருந்தால் அங்கே அகப்படும். படிப்பவர் நோயாளி, ஆகவே ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த மருந்து என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்க முடியாது என்பதும் விளங்க வேண்டும். அடிக்குறிப்பில் பதிப்பு எண், தேதி ஒவ்வொரு பக்கமும் சரியாக இருக்கட்டும்; அது பிசகினால் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிலிருந்து திரும்பிவிடும். ஈக்யூ-5டி (நோயாளியின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று அளப்பது) போன்ற வினாத்தாள் கூடவே வந்தால் தொடாதீர்கள். உரிமம் பெற்ற தமிழ்ப் பதிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. பழைய கைப்பத்திரத்தில் சர்வே எண் அழிந்திருந்தால்?

பதில் 1:
ஊகிக்க வேண்டாம். தெரிகிற இலக்கங்களை மட்டும் எழுதி, மீதிக்குப் பகர அடைப்பில் ‘தெளிவில்லை’ என்று போடுங்கள். வில்லங்கச் சான்றில் முழு எண் இருந்தாலும் அதை மொழிபெயர்ப்புக்குள் சேர்க்கக் கூடாது. வாடிக்கையாளருக்குத் தனிக் குறிப்பாகச் சொல்லுங்கள்.