மறு: கடற்கரைப் பாதைக்குக் கிராவல் – லோடு அடிப்பதற்கு முன்

நம்ம ஊர்ச் சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இருந்து கடற்கரைக்குப் போகும் நம்ம 250 மீட்டர் பாதைக்கு, மழைக்கு முன்னால் எத்தனை லோடு கிராவல் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கணக்குக் கீழே இருக்கிறது. ஆனால் லோடு எண்ணிக்கையிலிருந்து பேச்சை ஆரம்பித்தால், ஐப்பசியில் கொட்டியது தை மாதம் காணாமல் போகிற கதைதான் திரும்பவும் நடக்கும். பாதை பள்ளமாவது கல் குறைவாக இருப்பதால் இல்லை, தண்ணீர் நிற்பதால்.

நின்ற தண்ணீரில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு தடவையும், கல்லைப் பிடித்து வைத்திருக்கும் செம்மண் டீத்தண்ணீர் மாதிரிக் கலங்கி ஓரத்தில் தெறிக்கிறது. மழை விட்டதும் பாதையோரச் சுவர்களில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்பாகப் படிந்திருப்பது அந்தப் பிடிமண்தான். அது போனபின் மிஞ்சுவது உருண்டு திரியும் சரளை. அடியில் ஊறிய மண் சக்கரத்துக்கு அடியிலிருந்து பிதுங்கி இரண்டு பக்கமும் வரப்பாக எழும்ப, நடுவில் ஓடை போல் தடம் விழுகிறது. அந்த ஓடையில் இரண்டு டிப்பர் கிராவலைக் கொட்டினால், அது சேற்றுக்குள் புதையும், அவ்வளவுதான்.

அதனால் முதல் செலவு நடுமேட்டுக்கு, அதாவது நடு உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருக்கும் வடிவத்துக்கு. பாதை 3 மீட்டர் அகலம் என்றால் நடுவில் இருந்து ஓரம் 1.5 மீட்டர். அந்த ஓரம் நடுவைவிட 6 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு நான்கு சரிவு. தார்ச் சாலைக்கு நூற்றுக்கு இரண்டு, இரண்டரை போதும். கிராவலில் தண்ணீர் மெதுவாகத்தான் வழியும், ஆகவே இவ்வளவு தேவை. நூற்றுக்கு ஆறைத் தாண்டினால் வண்டிக்காரர்கள் சாயும் பயத்தில் நடுவிலேயே ஓட்டுவார்கள். அப்புறம் ஒரே தடத்தில் பள்ளம் விழும்.

ஜே.சி.பி. ஓட்டுகிறவர்களிடம் விட்டால் தரையைப் பலகை மாதிரி மட்டமாக்கித் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதுதான் தப்பு. ஊரில் நிற்கிற தம்பிகள் இதைச் செய்யட்டும்: 1.5 மீட்டர் நேரான சட்டம் ஒன்று எடுத்து, ஒரு முனையின் அடியில் 6 செ.மீ. கட்டை அடியுங்கள். கட்டை உள்ள முனை பாதை ஓரத்திலும் மறுமுனை நடுவிலும் இருக்கும்படி வைத்து, மேலே ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் சரிவு சரி. 10 மீட்டருக்கு ஒரு தடவை, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ரோலர் ஓடுவதற்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

அடுத்தது ஓரம். பல இடத்தில் பாதையோரம் புல்லும் புழுதியும் சேர்ந்து நான்கு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டியிருக்கும். நடுமேடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வரப்பு தண்ணீரைத் திருப்பித் தடத்துக்கே அனுப்பிவிடும். மம்பட்டியால் வெட்டி எறியுங்கள். சீமைக்கருவேலம் பாதைக்குள் சாய்ந்திருந்தால் தூரோடு எடுக்க வேண்டும். முள்ளுக்குப் பயந்து எல்லா வண்டியும் ஒரே பக்கம் ஒதுங்கினால் அங்கே மட்டும் தடம் ஆழமாகும். நிழல் விலகினால் பாதை சீக்கிரம் காயவும் செய்யும்.

பக்கவாய்க்காலின் அடி, பாதை ஓரத்தைவிட 30 செ.மீ. கீழே இருக்கட்டும். நம்ம மணலில் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும். தட்டு மாதிரி அகலமாக, சாய்வாக வெட்டி அருகம்புல் பதிக்க வேண்டும். ஊர் தட்டையான தரை, 250 மீட்டருக்கும் ஒரே போக்காக வாட்டம் கிடைக்காது. 40, 50 மீட்டருக்கு ஒரு வெட்டு விட்டு அருகிலுள்ள தாழ்ந்த இடத்துக்கோ ஊருணி வரத்துக்காலுக்கோ திருப்புங்கள். பாதையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 300 மி.மீ. குழாய் போட்டால் மணல் அடைத்துக்கொள்ளும், கை நுழைத்து வாரவும் முடியாது. 450 மி.மீ. சிமெண்டுக் குழாய் போடுங்கள், அதன் மேல் குறைந்தது 30 செ.மீ. மண் மூட வேண்டும். அந்த இடத்தில் மட்டும் அதற்கேற்ப பாதையை மேடாக்கியோ வாய்க்காலை ஆழமாக்கியோ கொள்ளுங்கள்.

இனி கிராவல். சரளை, மணல், பிடிமண் மூன்றும் சேர்ந்ததுதான் நல்ல கிராவல். கல் 20 மி.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. பெரிய கல் மண் பரப்பும் எந்திரத்தின் பிளேடில் மாட்டி இழுபடும், இழுபட்ட இடத்தில் குழி விழும். மாவு போன்ற பிடிமண் எடையில் நூற்றுக்கு 8 முதல் 15. அதற்குக் குறைந்தால் கல் நிற்காது, கூடினால் மழையில் வழுக்கும். கையாலேயே சோதிக்கலாம். லோடில் இருந்து ஒரு பிடி நுண்மண்ணைச் சலித்து, நனைத்து, உள்ளங்கையில் திரியுங்கள். 3 மி.மீ. தடிமனுக்குத் திரி உடையாமல் வந்தால் களி இருக்கிறது. திரியவே வராவிட்டால் அது வெறும் மணல், திருப்பி அனுப்புங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், முக்கால் வரை தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் கல், மணல், களி தனித்தனி அடுக்காகத் தெரியும். அந்தப் போட்டோவைக் குழுவில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம். நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிச் செல்லும் அரசு அனுமதிச் சீட்டு) இல்லாத லோடு எதையும் இறக்க வேண்டாம்.

அளவு இதோ. 250 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ரோலர் ஓடியபின் 10 செ.மீ. கனம் என்றால் 75 கன மீட்டர். உதிரியாக வரும்போது அது 1.3 மடங்கு, சுமார் 97 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 35 யூனிட். 3 யூனிட் டிப்பர் என்றால் 12 லோடு. ஒரு லோடு 22 மீட்டருக்குச் சரியாக வரும், ஆகவே 22 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, முளைக்கு ஒரு லோடு கொட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குவித்தால் கல் ஓரத்துக்கு உருண்டு மாவு நடுவில் தங்கும். பிறகு எவ்வளவு பரப்பினாலும் கலவை ஒன்றாகாது.

பழைய தடத்தை மேலேயே மூடாதீர்கள். பள்ளத்தின் அடி வரை கிளறி, நடுமேட்டு வடிவம் கொடுத்து, அதற்கு மேல் புதுசு. மழைக்குப்பின் 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்தி ஒரு சாண் இறங்கினால் அடிமண்ணே இளகியிருக்கிறது. அங்கே 30 செ.மீ. தோண்டி மாற்றாமல் மேலே எது போட்டாலும் வீண்.

ஈரம் முக்கியம். 35 யூனிட்டுக்குச் சுமார் 8,000 லிட்டர், டிராக்டர் டேங்கர் இரண்டு. வெயிலும் காற்றும் இருந்தால் இன்னொன்று. ஒரு பிடி கிராவலை அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. 8 – 10 டன் ரோலர், ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு, முந்தைய தடத்தில் பாதி ஏறும்படி ஆறு முதல் எட்டுத் தடவை. கடைசியில் ஒரு ஜல்லியை ரோலர் முன்னால் வையுங்கள். தரைக்குள் இறங்கினால் இன்னும் ஓட்ட வேண்டும், நொறுங்கினால் போதும். ரோலர் வாடகையை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: அந்தக் காசுக்கு லோடைக் குறையுங்கள், ரோலரைக் குறைக்காதீர்கள்.

புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்குப் பாதை தயார். அதன்பின் ஆண்டுக்கு 5 யூனிட் கிராவல் மேல்பூச்சாகப் போட்டால் போதும்.

சவூதி ஜுபைலில் இருந்து.

– – –

அண்ணன் எழுதியதில் கடற்கரைப் பக்கத்துக் கடைசி 60 மீட்டருக்கு மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அது முழுக்கக் குருத்துமணல், பிடிப்பே இல்லாத கடல்மணல். மணல் மேல் நேராகக் கிராவல் போட்டால் கல் இறங்கும், மணல் ஏறும். பனையோலை பரப்பலாம் என்று ஒரு மாமா சொன்னார்கள். ஓலை மக்கியதும் மேலே உள்ளது சமமில்லாமல் இறங்கிவிடும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்யாத ஜியோ துணியை (மணலும் கல்லும் கலக்காமல் பிரிக்கும் துணி) 4 மீட்டர் அகலத்தில் விரித்து, இணைப்பில் அரை மீட்டர் மேலேற்றுங்கள். வண்டி துணி மேல் ஏறக் கூடாது, கிராவலை முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்த இடத்தில் கனம் 15 செ.மீ. வேண்டும், ஆகவே அண்ணன் கணக்கோடு 4 யூனிட் கூடும்.

சோழகக் காற்றில் பாதை மேல் ஏறும் மணலைப் பிளேடால் கலந்துவிடாதீர்கள். வாரி வெளியே போடுங்கள். மணல் கூடிய கிராவலில்தான் அலை அலையாக மடிப்பு விழும், ஆட்டோக்காரர் பிரேக் பிடிக்கிற வளைவுகளில் முதலில் தெரியும். அந்த மடிப்பின் பள்ளத்தை வெறுமனே நிரப்பினால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். மடிப்பின் அடிக்கும் ஒரு அங்குலம் கீழே வரை கிளறி, பிடிமண் சேர்த்து, ஈரத்தோடு அழுத்த வேண்டும்.

நனைக்க உவர் போர் தண்ணீரே போதும், குடிதண்ணீர் டேங்கரை எடுக்க வேண்டாம். ஆனால் அதே இடத்தில் பின்னால் தாரோ சிமெண்டோ போடும் யோசனை இருந்தால் உவர் நீர் ஆகாது. வாலிநோக்கம் பக்கம் உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரைத் தெளித்தால் புழுதி அடங்கும். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். மழையில் கரைந்துபோகும் என்பதால் கோடைக்கு மட்டும். வண்டியின் அடி துருப்பிடிக்கும், கிணற்றுக்கும் தென்னைக்கும் பக்கத்தில் கூடவே கூடாது.

பழைய வழக்கப்படி பவளக்கல் நொறுக்கிப் போடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுப்பது குற்றம்.

பராமரிப்புக்குப் பெரிய எந்திரம் தேவையில்லை. வயலில் பரம்படிக்கிற மாதிரிதான். இரண்டரை மீட்டர் இரும்புச் சேனலைச் சாய்வாகச் சங்கிலி கட்டி, ஓரத்துக் கல் நடுவுக்கு வரும்படி டிராக்டரில் மெதுவாக, மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இழுக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் இழுங்கள். காய்ந்த பங்குனி, சித்திரையில் இழுத்தால் இறுகிய மேல்தோல் பெயர்ந்து புழுதியாகப் பறந்துவிடும்.

தனிக் குழியைப் பக்கம் செங்குத்தாக வெட்டி, நனைத்து, 7 செ.மீ. அடுக்காகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். கிண்ணம் மாதிரி விட்டு நிரப்பினால் தட்டுத் தட்டாகப் பெயரும்.

ஊரில் உள்ள தம்பிகளுக்கு: அடுத்த மழை பெய்யும்போதே குடையோடு பாதை முழுக்க நடந்து வீடியோ எடுத்துப் போடுங்கள். மழை விட்டபின் எடுத்தால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே திரும்பியது என்று தெரியாது. அதைப் பார்த்துத்தான் குழாயும் வெட்டும் எந்த இடத்தில் என்று குறிக்க முடியும்.

சிங்கப்பூரில் இருந்து.