மாண்டிசெல்லோ மாளிகையை முதியவரோடும் சிறுவனோடும் பார்ப்பதற்கு வழி கூறுங்கள்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மேரிலாந்தில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் தந்தையார் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே, குன்றின்மேல் அமெரிக்காவின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் கட்டிய மாண்டிசெல்லோ மாளிகையைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். மூட்டுவலியால் அவருக்குப் படியேறுவது கடினம். பத்து வயது மகனும் உடன் வருகிறான். அரை நாள் போதுமா, உள்ளே எவற்றை நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும், அங்கிருந்த அடிமைகளைப் பற்றி இந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதைப் போய்வந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1:
வணக்கம் ஐயா. வரவேற்பு மையத்திலிருந்து குன்றின் உச்சிக்குச் சிறு பேருந்து செல்கிறது. வழக்கமான சுற்று கீழ்த்தளத்தோடு முடிந்துவிடும். மாடிப்படிகள் ஏறத்தாழ இரண்டடி அகலமே உள்ளவை, செங்குத்தானவை. ஆகவே குவிமாட அறைவரை அழைத்துச் செல்லும் தனிச் சுற்று தந்தையாருக்கு வேண்டாம்.

முன்கூடத்துக் கடிகாரத்தின் அருகில் மகனைச் சற்று நேரம் நிற்க வையுங்கள். பீரங்கிக் குண்டுகளே அதன் எடைகள். அவை இறங்க இறங்க, சுவரில் குறித்துள்ள கிழமைகளைக் காட்டுகின்றன. ஏழு நாளுக்கும் சுவரின் உயரம் போதாததால் தரையில் துளையிட்டு, சனிக்கிழமையை நிலவறையில் வைத்துவிட்டார்கள். படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் இடையில் சுவருக்குள் அமைந்த கட்டிலும், எழுதும்போதே இன்னொரு தாளில் படியெடுக்கும் கருவியும் தந்தையாருக்குப் பிடிக்கும்.

பதில் 2:
அரை நாள் போதாது என்பதே என் கருத்து. வீட்டை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் மாண்டிசெல்லோவில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். 'மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களுடைய பட்டறைகளும் குடில்களும் இருந்த மல்பெரி வரிசை, மாளிகையை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்த ஆணிப் பட்டறையில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பத்து முதல் பதினாறு வயதுச் சிறுவர்கள். உங்கள் மகனிடம் இதை மறைக்கவேண்டாம் ஐயா. அவன் வயதில் ஒரு பிள்ளை நாள் முழுதும் நெருப்பருகே நின்று ஆணி அடித்தான் என்பது அவனுக்குப் புரியும்.

அங்கே அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணின் வாழ்வைச் சொல்லும் அறை தெற்குப் பகுதியில் உள்ளது. ஜெஃபர்சனே அவருடைய பிள்ளைகளின் தந்தை என்பதை மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டுள்ளது. பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்பதைப் பெற்றோரான நீங்கள்தாம் முடிவு செய்யவேண்டும். ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று பெருங்கடனோடு இறந்தார். அடுத்த ஜனவரியில் அந்தக் குன்றிலேயே ஏலம் நடந்தது. அறைகலன்களோடும் கால்நடைகளோடும் சேர்த்து 130 அடிமைகளை விற்பதாக அறிவித்தார்கள். அந்தப் புல்வெளியில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இதைப் படித்துக்காட்டியதும், அவ்வளவு கடனுக்குப் பிறகும் வீடு எப்படித் தப்பியது என்று தந்தையார் கேட்டார்.

பதில் 1:
யூரையா லெவி என்ற கடற்படை அதிகாரி 1834இல் அதை வாங்கிச் செப்பனிட்டார். நெடுங்காலம் அவர் குடும்பத்தாரிடம் இருந்த வீட்டை 1923இல் அறக்கட்டளை வாங்கியது. லெவியின் தாயாரின் கல்லறை மல்பெரி வரிசையில்தான் இருக்கிறது. தந்தையாருக்கு அதையும் காட்டுங்கள்.